நாழிகையனுக்கு ஒரு கட்டம்

பிஸ்கட் பெட்டியைப் பிரித்து
உள்பக்கத்தில் ஒன்பது கட்டம் கீறினோம்.
குறுக்கே சட்டம், நடு, குழப்பம்.
நெடுக்கே நன்மை, நடு, தீமை.
கரண்ட் போய் ஒரு மணித்தியாலம்.
மத்திய வீதியில் எங்கள் கடை மட்டும்
ஐந்து பழுதான போன்களின் டோர்ச் வெளிச்சத்தில்.

நாளை இரவு கடைசிப் பாகம்.
அதற்குள் டிவியில் பறக்கிற அத்தனை பேரையும்
குடியேற்றிவிட வேண்டும்.
துவாரகனுக்கு விளையாட்டின் விதிப்புத்தகம் மனப்பாடம்,
கணிதம்தான் மூன்று முறை எழுதியும் ஏறவில்லை.

முதலில் வெள்ளிக்கவசம். அவனுக்கு ஒரு சிம் தட்டு.
சிவப்பு விளக்கென்றால் வானத்திலேயே நிற்கிறவன்,
கள்ளனைப் பிடித்தால் பற்றுச்சீட்டு எழுதுகிறவன்.
சட்டம், நன்மை. மூலைக் கட்டம். முடிந்தது.
"பொறு" என்றான் றிஸ்மி.
"மூண்டாம் சீசன்ல மீன்காரர்ர குடிசையளை உடைச்சது ஆர்?"
"கையில கடுதாசி இருந்ததடா."
"கடுதாசி இருந்தா?"
ஜமாலியாக் கடற்கரையில் பிறந்தவனுக்குக்
கடுதாசியைப் பற்றி நாங்கள் என்ன சொல்ல.
வெள்ளிக்கவசத்தை ஒரு கட்டம் கீழே இறக்கினோம்.

கண்ணாடிக்காரி சுவருக்குள்ளால் போகிறவள்,
ஆஸ்பத்திரி மருந்தைக் களவெடுத்து
அதே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுக்கிறவள்.
குழப்பம், நன்மை. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

தணலன், உப்பிப்போன ஒரு பற்றரி.
ஊரை எரித்துவிட்டு
நாய்க்குட்டியை மட்டும் தூக்கிவருகிறவன்.
நாய்க்குட்டிக்காக ஒரு கட்டம் ஏற்றலாம் என்றான் சந்தருவன்.
சீனக்குடாவிலிருந்து வருகிறவன்,
கோபம் வந்தால்தான் சிங்களத்துக்கு மாறுவான்.
மாறினான்.
அரை மணித்தியாலம் நாய்க்குட்டி.

பிறகு நாழிகையன்.
காலத்தை நிற்பாட்டக்கூடியவன்.
பதினோராம் பாகத்தில் பாலம் உடையும்போது
நிற்பாட்டவில்லை.
பார்த்துக்கொண்டு நின்றான்.
"தீமை" என்றார்கள் மூன்று பேரும்,
அந்த இரவில் முதல்முறையாக ஒரே குரலில்.

நான் இல்லையென்றேன்.
நடுவுக்கும் நடு, என்றேன்.
நிற்பாட்டினால் அடுத்து என்ன நடக்குமென்று
அவனுக்கு எப்படித் தெரியும், என்றேன்.
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
அவனுக்கென்று நான் எடுத்து வைத்தது
ஒன்றரை மில்லிமீற்றர் ஸ்க்ரூ.

சித்திரைக்கு முந்திய கிழமை
கடையில் ஒரு புதுப் போன் காணாமல் போனது.
"அக்கா, பிளேன்டீ" என்று வருகிற கபிலாஷை
முதலாளி செவிட்டில் அறைந்தபோது
நான் மேசைக்குக் கீழே
ஒரு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.
எடுத்தது ஆரென்று எனக்குத் தெரியும்.
முதலாளியின் மச்சான், மஞ்சள் சேட்.
இரண்டாவது அறையும் விழுந்தது.
ஸ்க்ரூ கிடைத்தது.

இதை இவர்களுக்குச் சொல்லவில்லை.

"நடுவெண்டா சும்மா இருக்கிறதில்லை" என்றான் துவாரகன்,
"எதையாவது சமமா வச்சிருக்க வேணும்.
இவன் எதை வச்சிருந்தவன்?"
"மணிக்கூட்டை" என்றான் றிஸ்மி.
சிரித்தார்கள். நானும்.

கரண்ட் வந்தது.
மின்விசிறி அட்டையைத் தூக்கி அடித்ததில்
நன்மையும் தீமையும் மேசையெங்கும் உருண்டன.
வாசலில் வைத்த அட்டையைக்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
குழப்ப மூலையிலிருந்து தின்னத் தொடங்கியது.
சந்தருவன் படமெடுத்தான்.

ஸ்க்ரூ என் கையில் இருந்தது.

கபிலாஷ் இப்போது உப்புவெளியில்
ஏதோ ஹோட்டலில் கோப்பை கழுவுகிறானாம்.
அந்தப் பக்கம் போகும் கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு.
என் வீடு மற்றப் பக்கம்.

தூரத்தில் இரண்டு விளக்குத் தெரிகிறது.
இந்தத் தரிப்பில் தானாக நிற்காது.
கை காட்ட வேண்டும்.